பித்தளைத் துளையின் கணக்கு

கோவிலம்பாக்கத்தில் மேடவாக்கம் பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. வெளியே மெட்ரோ ரயில் வேலையின் தூசி. உள்ளே, மேசைமேல் விரித்த பழைய நாளிதழின் மீது, ஒரு சிறு தேங்காய் அளவுக்கு ஓர் உலோகப் பொருள். சாம்பல் நிறம், ஆங்காங்கே வெள்ளைப் பூச்சாகப் படிந்த துரு, திறந்தால் மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலிருந்து கழற்றிய சோலெக்ஸ் கார்பரேட்டர் அது. தென்சென்னைப் புறநகரை மூழ்கடித்த 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பிறகு அந்தக் கார் ஓடவே இல்லை.

மெக்கானிக் அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பித்தளைத் திருகைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. விளிம்பில் 110 என்று பொறித்திருந்தது.

"வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க சார். ஓட்டை வட்டமா இருக்குதா?"

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வட்டமாக இல்லை. லேசாக நீண்டு, உள்சுவரில் கீறலோடு இருந்தது.

"யாரோ கம்பி வுட்டுக் குத்தியிருக்காங்க. அப்பவே வண்டி போச்சு."

வண்டியைக் கெடுத்தது வெள்ளம் மட்டுமல்ல, அதற்கு முன்பே ஒரு கம்பி கெடுத்திருந்தது என்கிறார் அவர். இந்த அத்தியாயம் அந்தத் துளையைப் பற்றியது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு ஒரு காரை என்ன செய்யும் என்பதைப் பற்றியது.

வண்டலூரில் பிறந்த கார்

ஹெரால்டு இந்தப் பகுதிக்கு அந்நிய வண்டி அல்ல. இந்தப் பட்டறையிலிருந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள், ஜி.எஸ்.டி. சாலையோரம் வண்டலூரில் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை. 1940-களின் இறுதியில், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு சென்னையின் யூனியன் கம்பெனி கைகோத்துத் தொடங்கியது. முதலில் வான்கார்டு, பிறகு 'எட்டு', 'பத்து' என்ற பெயர்களில் சிறிய கார்கள், 1961 முதல் ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்த வண்டி அது. இங்கிலாந்தில் இரண்டு கதவு ஹெரால்டு மட்டுமே விற்றது. குடும்பத்தோடு போகும் நம் வழக்கத்துக்காக இங்கே பின்னர் நான்கு கதவு வைத்தார்கள். 1970-களில் அதன் வழித்தோன்றலாக கேசல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரும் வந்தது. 1988-இல் உற்பத்தியே நின்றுபோனது.

ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப்போலத் திறக்காது. விளக்கு, மட்கார்டு உட்பட முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைத் தொடலாம். பழுது பார்ப்பவருக்கு இவ்வளவு இடம் கொடுத்த கார்கள் குறைவு. அந்த 948 சி.சி. எஞ்சினின் பக்கவாட்டில் இருப்பதுதான் நம் மேசைக்கு வந்த சோலெக்ஸ்.

சோலெக்ஸ் என்பது பாரிஸ் நகரத்தின் கூதார், மென்னெசோன் என்ற இரு பொறியாளர்களின் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய பெயர். பெட்ரோலை நுண்துளியாகத் தெளிக்கும் கார்பரேட்டர் அதற்கும் முன்பே, 1893-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக், ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் தனித்தனியே அந்த வழியைக் கண்டார்கள். அதற்கு முந்தைய எஞ்சின்களில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை உரச விட்டு, ஆவியாவது வரட்டும் என்று காத்திருந்தார்கள். வெயில் நாளில் ஒரு கலவை, குளிர் நாளில் வேறொரு கலவை. துளித்துளியாகத் தெளிக்கக் கற்ற பிறகுதான் மோட்டார் கார் நம்பத்தக்க வண்டியானது.

தொண்டைக்குள் அடிக்கும் புயல்

கையால் அடிக்கும் பழைய கொசுமருந்து பம்பு நினைவிருக்கிறதா? பிடியைத் தள்ளினால் காற்று ஒரு குறுகிய வாய் வழியே சீறும். கீழே டப்பாவில் உள்ள மருந்து தானாக மேலேறி, அந்தக் காற்றில் சிதறிப் புகைபோலப் பரவும். மருந்தை யாரும் மேலே தள்ளவில்லை. காற்றின் வேகம் கூடிய இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. டப்பாவுக்குள் இருக்கும் சாதாரண காற்றழுத்தம் மருந்தை அந்தப் பள்ளத்தை நோக்கித் தள்ளிவிடுகிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவை டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதினார். குழாயைக் குறுக்கினால் என்ன ஆகும் என்று சோதித்து 1797-இல் வெளியிட்டார் இத்தாலியரான வெஞ்சுரி. கார்பரேட்டரின் குறுகிய தொண்டைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஹெரால்டுக்கு இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்ளும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 1500 முறை. 948 சி.சி.யை 1500-ஆல் பெருக்கினால் 1422 லிட்டர். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் எஞ்சின் முழுதாக நிரம்பாது. 80 சதவீதம் நிரம்புவதாகக் கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 1140 லிட்டர், அதாவது நொடிக்கு 19 லிட்டர் காற்று.

தொண்டையின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் நாணயமே கிட்டத்தட்ட அந்த அகலம்தான். அதன் வழியே நொடிக்கு 19 லிட்டர் போக வேண்டுமானால் காற்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். மணிக்கு 180 கிலோமீட்டர். ஹெரால்டு தன் வாழ்நாளில் எட்டாத வேகம் அது. பெரும்புயலின் வேகத்தில் தொண்டைக்குள் காற்று பாய்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புயல் உண்டாக்கும் அழுத்தக் குறைவோ மிகச் சிறியது. வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான். ஆனால் பெட்ரோலை இருபது சென்டிமீட்டர் உயரம் ஏற்றிவிட அது போதும். கார்பரேட்டரில் பெட்ரோல் ஏற வேண்டியதோ சில மில்லிமீட்டர். எனவே தாராளமாகப் பாயும். எவ்வளவு பாயலாம் என்று அளந்து விடுவதுதான் ஜெட் எனப்படும் அந்தப் பித்தளைத் துளையின் வேலை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். நம் வெயிலில் 1140 லிட்டர் காற்றின் எடை சுமார் 1.3 கிலோ. அதற்கு வேண்டிய பெட்ரோல் 90 கிராம், அதாவது ஏறத்தாழ 120 மில்லி. ஒரு நிமிடம் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் ஒரு டீ கிளாஸ் பெட்ரோல். அந்த ஒரு கிளாஸும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள துளை வழியே போகிறது.

ஒரு பெட்டிக்குள் நான்கு ஏற்பாடு

ஒரே துளை எல்லா நிலைக்கும் போதுமானால் கார்பரேட்டர் எளிய பொருளாக இருந்திருக்கும். எஞ்சினின் தேவை நொடிக்கு நொடி மாறுவதால் அதற்குள் நான்கு தனி ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது ஃப்ளோட் அறை. நம் வீட்டு மாடித் தொட்டியின் மிதவை வால்வு மாதிரியேதான். பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவை எழுந்து ஊசி வால்வை மூடும், தாழ்ந்தால் திறக்கும். மட்டம் இரண்டு மில்லிமீட்டர் ஏறினால் நின்றிருக்கும்போதே வழியும். இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் மேடு ஏறும்போது எஞ்சின் திணறும். சோலெக்ஸில் ஊசி வால்வின் அடியில் போடும் வாஷரின் கனத்தை மாற்றித்தான் இந்த மட்டத்தைத் திருத்துவார்கள். பழுது பார்க்கும்போது அந்த வாஷரைத் தொலைத்துவிட்டுக் கைக்குக் கிடைத்ததைப் போட்டால் மட்டமே மாறிப்போகும்.

இரண்டாவது ஸ்லோ ஜெட். வண்டி சிக்னலில் நிற்கும்போது, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். தொண்டையில் புயல் இல்லை, மெல்லிய காற்றுதான். பெரிய துளையிலிருந்து பெட்ரோல் வராது. ஆனால் மூடிய த்ராட்டிலுக்குக் கீழே எஞ்சின் பலமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அங்கே திறக்கும் ஒரு நுண்வழியில் ஸ்லோ ஜெட்டின் பெட்ரோல் வந்து எஞ்சினை உயிரோடு வைத்திருக்கும்.

மூன்றாவது மெயின் ஜெட். இதனோடு ஒரு நுட்பம் சேர்ந்திருக்கிறது. வேகம் கூடக்கூடத் தனித் துளை வழியே தேவைக்கு மேல் பெட்ரோல் போய்விடும். அதைத் தடுக்க, பக்கவாட்டில் துளைகள் போட்ட ஒரு மெல்லிய பித்தளைக் குழாயை நட்டு, அதன் தலையில் காற்றுக்கென ஒரு ஜெட் வைத்தார்கள். உறிஞ்சல் கூடும்போது குழாய்க்குள் பெட்ரோல் மட்டம் இறங்கும், மேலும் துளைகள் வெளிப்படும், அதிகக் காற்று கலந்து பெட்ரோலை நுரையாக்கும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. துளைகளை எந்த உயரத்தில் போட வேண்டும் என்ற கணக்கு மட்டுமே அங்கே மூளையாக வேலை செய்கிறது.

நான்காவது ஆக்சிலேட்டர் பம்பு. சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும். கனமான பெட்ரோல் ஒரு கணம் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சிறு ரப்பர் சவ்வு பெட்ரோலைப் பீச்சியடிக்கும். மிதித்ததும் வண்டி ஒருமுறை மூச்சடைத்துப் பிறகு பாய்ந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

துருவும் அரக்கும்

மேசைக்குத் திரும்புவோம். ஃப்ளோட் அறையின் அடியில் தேன் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது அழுக்கல்ல, பழைய பெட்ரோல். பெட்ரோலில் உள்ள சில மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அரக்குபோலக் கெட்டியாகும். சூடு கூடினால் இந்த வினை விரைவாகும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகையில் நிற்கும் காருக்கு இது சில மாதங்களிலேயே நடக்கும்.

வெளியே படிந்த வெள்ளைப் பொடி வேறு கதை. இத்தகைய கார்பரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தது. ஈரமும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்தால் துத்தநாகம் வெள்ளையாகத் துருப்பிடிக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை.

பித்தளை ஜெட்டைப் பார்த்ததும் நம் கை தன்னாலேயே புளியைத் தேடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே. புளியின் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிடுவதுதான் அந்தப் பளபளப்பின் காரணம். ஆனால் அதே அமிலம் துத்தநாகத்தையும் தின்னும். விளக்குக்கு நல்லது செய்யும் புளி கார்பரேட்டரின் உடலை அரித்துவிடும்.

இந்தப் பட்டறையில் நகைக்கடையிலும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் இருக்கும் அதே அல்ட்ராசானிக் தொட்டியைப் பயன்படுத்துகிறார்கள். வெந்நீரில் மிதமான சோப்புக் கரைசல். தொட்டியின் அடியில் நொடிக்கு 40,000 முறை அதிரும் தகடு. அதிர்வில் நீருக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் தோன்றி உடனே நொறுங்கும். ஒவ்வொரு குமிழியும் நொறுங்கும் இடத்தில் ஒரு சிறு அடி விழும். ஊசி நுழையாத வழிக்குள்ளும் நீர் நுழையும், நீர் நுழைந்த இடத்தில் குமிழியும் வேலை செய்யும். இருபது நிமிடத்தில் தேன் நிற அரக்கு நீரில் மேகமாகக் கலந்ததைப் பார்த்தேன். வெளியே எடுத்ததும் காற்றடித்து ஒவ்வொரு வழியையும் உலர்த்துகிறார்கள். ஈரம் தங்கினால் வெள்ளைத் துரு மறுபடி தொடங்கிவிடும்.

அடுத்தது தட்டைத்தன்மையைச் சோதிப்பது. பல ஆண்டுகள் போல்ட்டை இறுக்கி இறுக்கி, அடிப்பாகத்தின் காதுகள் கீழே வளைந்திருந்தன. கனமான கண்ணாடித் தகட்டின்மேல் எமரி ஷீட்டை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்க்கிறார். கண்ணாடியைவிடத் தட்டையான பரப்பு சின்னப் பட்டறையில் கிடைக்காது. முதலில் இரண்டு ஓரங்கள் மட்டும் மின்னின. அரை மணி நேரம் கழித்து முகம் முழுவதும் ஒரே மாதிரி மின்னியது. பேக்கிங் தாளை எத்தனை அடுக்கு போட்டாலும் அடைபடாத காற்றுக் கசிவு இப்படித்தான் அடைபடும்.

பிறகு த்ராட்டில் ஸ்பிண்டில். அதை விரலால் பிடித்து ஆட்டினார், ஆடியது. எஃகுத் தண்டு ஐம்பது ஆண்டுகள் மென்மையான துத்தநாகத்தில் சுழன்றால் துளை பெரிதாகத்தான் செய்யும். எட்டு மில்லிமீட்டர் தண்டுக்குத் துளை வெறும் 0.2 மில்லிமீட்டர் பெரிதாகியிருந்தால்கூட இரண்டு பக்கமும் சேர்த்து 5 சதுர மில்லிமீட்டர் இடைவெளி. எஞ்சினின் பக்கத்தில் இரண்டரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டுத் திறந்து வைத்ததற்குச் சமம். "ஏர் இழுக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதைக் கவனிக்காமல் ஸ்லோ ஸ்க்ரூவை நாள் முழுக்கத் திருகினாலும் ஐட்லிங் நிற்காது. தீர்வு லேத்தில் இருக்கிறது. தேய்ந்த துளையை வட்டமாகப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் வெண்கலப் புஷ் ஏற்றி, தண்டு தடையின்றிச் சுழலும் அளவுக்கு ரீமர் விடுவது. இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். அதுதான் கைத்திறன்.

42 நொடியும் 38 நொடியும்

இப்போது அந்த 110 ஜெட். சோலெக்ஸ் ஜெட்டில் பொறிக்கும் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும். 110 என்றால் 1.10 மில்லிமீட்டர். மெக்கானிக் 1.10 அளவு டிரில்லின் வழவழப்பான அடித்தண்டை விட்டுப் பார்த்தார், தொளதொளவென்று போனது. 1.15 தண்டு இறுக்கமாக நுழைந்தது. கம்பி குத்தியவர் துளையை நூறில் ஐந்து பெரிதாக்கியிருக்கிறார்.

நூறில் ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு தலைமுடியின் கனத்தை ஒத்த அளவு. அது என்ன பெரிய மாற்றம் என்று தோன்றலாம். ஆனால் பெட்ரோல் பாய்வது துளையின் பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவோ விட்டத்தின் வர்க்கம். 1.15-ஐ 1.10-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.09. ஒன்பது சதவீதம் அதிகப் பெட்ரோல். 14.7 என்றிருக்க வேண்டிய கலவை 13.5 ஆகிவிடும். பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் கறுப்பாகப் புகையும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஜெட்டை ஒரு ரப்பர் குழாயின் முனையில் பொருத்தி, அரை மீட்டர் உயரத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே, 100 மில்லி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 1.10 துளையில் ஏறக்குறைய 42 நொடி ஆகும். 1.15-இல் 38 நொடிதான். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் கடிகாரம் காட்டிவிடும்.

கம்பி துளையைப் பெரிதாக்குவதோடு நிற்பதில்லை. துளையின் நுழைவாய் விளிம்பையும் கீறிவிடுகிறது. திரவம் எப்படி நுழைகிறது என்பது அந்த விளிம்பின் வடிவத்தைப் பொறுத்தது. ஒரே விட்டமுள்ள இரண்டு ஜெட், ஒன்றின் விளிம்பு கீறல் பட்டிருந்தால், ஒரே அளவு பெட்ரோலைத் தராது. ஜெட்டின்மேல் பொறித்த எண்ணை ஆலை தந்த உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்ளலாம். கம்பி பட்ட ஜெட்டில் எண் மட்டுமே மிஞ்சும், உறுதிமொழி போய்விடும்.

புதிய பெட்ரோலும் பழைய கணக்கும்

ஹெரால்டு பிறந்தபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. முதலில் ஈயம் போனது. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. அடுத்து எத்தனால் வந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது.

எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. எனவே அதை எரிக்கக் குறைந்த காற்று போதும், ஒரு கிராமுக்கு 9 கிராம். பெட்ரோலின் 14.7-உம் எத்தனாலின் 9-உம் கலந்த எரிபொருளுக்குக் கணக்குப் போட்டால் 13.5 வருகிறது. இன்ஜெக்டர் மூலம் பீச்சும் நவீன எஞ்சினில் கணினி புகையைச் சோதித்து இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. அது பழைய கணக்குப்படியே அளந்து விடும். கலவை எட்டு சதவீதம் மெலிந்துபோகும். எஞ்சின் சூடேறும், மேட்டில் இழுக்காது.

இப்போது அந்த 13.5-ஐ இன்னொரு முறை பாருங்கள். கம்பி குத்திய துளை தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியானால் பழைய ஜெட்டையே விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன்.

"அளவு சரிதான் சார். ஆனா இது இன்னிக்கு ஒண்ணு குடுக்கும், நாளைக்கு ஒண்ணு குடுக்கும். நம்பி எப்படி டியூன் பண்றது?"

அவர் 115 என்று பொறித்த புது ஜெட்டைப் போட்டார். விட்டம் இரண்டுக்கும் ஒன்று. ஒன்று கண்மூடித்தனமாகக் குத்தியது, மற்றொன்று காரணம் தெரிந்து தேர்ந்தது. பழுதுக்கும் திருத்தத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

எத்தனால் வேறு இரண்டு தொல்லைகளையும் கொண்டுவருகிறது. பழைய ரப்பர் குழாயையும் சவ்வையும் அது உப்பவைத்து இளக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் ஃப்ளூரோ ரப்பருக்கு மாற்றியாக வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். மெயின் ஜெட் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வாரக்கணக்கில் நிறுத்தப்போகும் காரில் ஃப்ளோட் அறையைக் காலி செய்துவிட்டு நிறுத்துவது நல்லது.

சென்னைக்கென்றே ஒரு குறையும் உண்டு. வெயிலில் ஓட்டிவந்து பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் நின்றதும் சூடு மேலேறி ஃப்ளோட் அறையைக் காய்ச்சும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்குவதால், அது குமிழியிட்டு வழிந்து எஞ்சினை மூழ்கடித்துவிடும். கார்பரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய, சூட்டைக் கடத்தாத தடுப்புக் கட்டை பல வண்டிகளில் காணாமல் போயிருக்கும். அதைத் திரும்ப வைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

பூட்டிய பிறகு

புதிய பேக்கிங், புதிய சவ்வு, புதிய ஊசி வால்வு, வெண்கலப் புஷ், 115 ஜெட். எல்லாம் பூட்டி, எஞ்சினைச் சூடாக்கி, இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிட மீட்டரை இணைத்தார். ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினார். முள் மெல்ல மேலேறி, பாதரசக் கணக்கில் 45 சென்டிமீட்டரைத் தாண்டி நடுங்காமல் நின்றது. முள் ஆடாமல் நின்றால் நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி மூச்சு விடுகின்றன என்று பொருள். சுற்றி வந்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை. டீத்தூள் பழுப்பு.

இந்த அறிவு எங்கே போகும்? ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்குத் தெற்கே மறைமலை நகர் இருக்கிறது. சென்னையின் கார்பரேட்டர்ஸ் லிமிடெட்டும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனம் அங்கிருந்துதான் மாருதி கார்களுக்குக் கார்பரேட்டர் செய்து கொடுத்தது. காலம் மாறியது. கார்களிலிருந்து கார்பரேட்டர் மறைந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் புதிய பைக்குகளிலிருந்தும் ஏறக்குறைய முழுதாக மறைந்தது. காற்றின் நலனுக்கு அது தேவையான மாற்றம். ஆனால் இன்று பட்டறையில் சேரும் இளைஞர் கார்பரேட்டரைத் திறக்காமலேயே தொழில் கற்று முடித்துவிடுவார்.

அதே நேரத்தில் பழைய வண்டிகளுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவத்தில் பேணப்படும் வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அல்ல, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். கோவையின் ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும் வடபழனியில் ஏ.வி.எம். வளாகத்திலும் பழைய வண்டிகளைப் பார்க்கலாம். சென்னைத் தெருக்களில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் அணிவகுப்பையும் பார்க்கலாம். ஆனால் மூல வடிவத்தைக் காப்பது வண்ணப்பூச்சையும் குரோமையும் காப்பதோடு முடிந்துவிடாது. அந்தத் தொண்டையில் காற்று எப்படிப் பாய்ந்தது, அந்தத் துளை எவ்வளவு அளந்து விட்டது என்ற கணக்கையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் இருந்தால், கார்பரேட்டரைத் திறக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு ஜெட்டின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வாஷரின் கனத்தையும் அளந்து அதன் பக்கத்தில் குறியுங்கள். பழைய பாகம் எதையும் தூக்கி எறியாதீர்கள். மெக்கானிக் சொல்வதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த தலைமுறைக்கு அதுதான் பாடநூல். ஜெட் அடைத்துக்கொண்டால் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியை மட்டும் தொடாதீர்கள்.